முப்பது வயதில் மீண்டும் மாணவி!

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது பாலவனத்தம். மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை 1901-ல் நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஊர் இது. அவர் பிறந்தது 1867-ம் ஆண்டு. அந்தக் காலத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா, குழந்தைகளே?

ஊர் மருத்துவச்சியைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனாலும் தாயிடமும் பாட்டியிடமும் கற்றுக்கொண்ட கைப்பழக்கம் உண்டு. வெந்நீர், பழைய துணி, விளக்கெண்ணெய், ஓர் அகல் விளக்கு. இவற்றை வைத்துக்கொண்டே எத்தனையோ குழந்தைகளை அவர் இந்த உலகத்துக்குக் கொண்டு வந்திருக்கிறார். ஆனால், வயிற்றில் குழந்தை குறுக்கே திரும்பிவிட்டால்? ரத்தப்போக்கு நிற்காவிட்டால்? பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் தாய்க்குக் கடும் காய்ச்சல் வந்துவிட்டால்? மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியாது. மதுரைக்கு ரயில் வந்ததே 1875-ல்தான். அதற்கு முன்பு மாட்டு வண்டிதான்.

சரி, கிராமத்தில்தான் இப்படி. பெரிய பட்டணமான சென்னையிலாவது பெண்களுக்கு நல்ல வைத்தியம் கிடைத்ததா? அங்கே ஆஸ்பத்திரிகள் இருந்தன. டாக்டர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லாருமே ஆண்கள். ஆண் டாக்டர் முன்னால் வருவதற்குப் பல வீட்டுப் பெண்கள் சம்மதிக்கவில்லை. வீட்டாரும் அனுமதிக்கவில்லை. அதனால் பட்டணத்தில் டாக்டர் பக்கத்துத் தெருவிலேயே இருந்தும், அறைக்குள்ளேயே உயிரை விட்ட பெண்கள் பலர்.

இந்த நிலையை மாற்றப் புறப்பட்டார் ஒரு பெண். அப்போது அவர் டாக்டர் அல்ல. மூன்று குழந்தைகளுக்குத் தாய். வயதோ முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் பெயர் மேரி ஷார்லீப்.

தாயைப் பார்க்காத குழந்தை

மேரி, 1845-ம் ஆண்டு ஜூன் மாதம் 18-ம் தேதி லண்டன் நகரில் பிறந்தார். அவர் பிறந்த சில நாட்களிலேயே அவருடைய தாய் இறந்துவிட்டார். தாய் முகத்தையே அறியாத மேரியைத் தாத்தாவும் பாட்டியும் எடுத்து வளர்த்தார்கள்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் பிரசவம் ஆபத்தானதாகத்தான் இருந்தது. பிள்ளை பெற்ற சில நாட்களில் தாய்க்குக் காய்ச்சல் வரும். அது பல தாய்மார்களின் உயிரைப் பறித்துவிடும். அதற்குக் காரணம் என்ன என்று யாருக்கும் விளங்கவில்லை. மேரி பிறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1847-ல், வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு டாக்டர்கள் வந்து பிரசவம் பார்ப்பதால்தான் அந்தக் காய்ச்சல் பரவுகிறது என்றார் அவர். குளோரின் கலந்த நீரில் கைகளை நன்றாகக் கழுவிய பிறகே பிரசவம் பார்க்க வேண்டும் என்று விதி போட்டார். உடனே அவருடைய பிரிவில் சாவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் மற்ற டாக்டர்கள் பலர் அதை நம்பவே இல்லை! கை கழுவும் பழக்கம் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

இதையெல்லாம் சிறுமி மேரி அறிந்திருக்க மாட்டார். அவர் விடுதியோடு சேர்ந்த பள்ளிகளில் நன்றாகப் படித்தார். அந்தக் காலத்தில் பெண்களின் படிப்பு பள்ளியோடு முடிந்துவிடும். கல்லூரிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

சென்னைக்கு வந்த புதுப்பெண்

இருபது வயதில் மேரிக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வில்லியம் ஷார்லீப். சட்டம் படித்தவர். சென்னையில் வழக்கறிஞராக வேலை செய்யப் போகிறவர். 1865-ம் ஆண்டு டிசம்பரில் திருமணம். அடுத்த ஆண்டே புதுமணத் தம்பதிகள் கப்பலில் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள்.

சென்னையில் அவர்களுக்கு மூன்று குழந்தைகள் பிறந்தன. வில்லியம் வழக்குகளைக் கவனித்ததோடு சட்டப் பத்திரிகைகளுக்கும் எழுதி வந்தார். அந்த வேலைகளில் மேரியும் கணவருக்கு உதவி செய்தார். வசதியான வீடு. வேலைக்கு ஆட்கள். அன்பான குடும்பம். அந்தக் காலத்து ஆங்கிலேயப் பெண்கள் பலர் விருந்துகளிலும் மாலை நேரக் கடற்கரைச் சவாரியிலும் பொழுதைக் கழித்தார்கள். மேரியும் அப்படியே இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால், கணவரின் அலுவலகத்துக்கு வந்து போனவர்கள் மூலமாகச் சில செய்திகள் மேரியின் காதுக்கு எட்டின. இந்து, முஸ்லிம் வீடுகளில் பெண்கள் பிரசவத்தின்போது படும் பாடு பற்றிய செய்திகள் அவை. வெளியார் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் வாழும் வழக்கத்துக்குக் கோஷா என்று பெயர். அப்படி வாழ்ந்த பெண்கள் எவ்வளவு நோய் வந்தாலும் ஆண் டாக்டரிடம் காட்டிக்கொள்ள மாட்டார்கள். டாக்டர் வந்தாலும் திரைக்கு அந்தப் பக்கம் நின்று கேள்வி கேட்டு, யூகத்தில் மருந்து கொடுக்க வேண்டியதுதான்.

பெண்களே டாக்டரானால் இந்தத் திரை ஒரு தடையாக இருக்காதே! மேரியின் மனதில் இந்த எண்ணம் விழுந்தது. தன்னைப் பெற்ற தாயும் பிரசவத்துக்குப் பின் இறந்தவர்தானே. அந்த எண்ணம் வேரூன்றிவிட்டது.

முதலில் சென்னைப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஓராண்டு மருத்துவச்சிப் பயிற்சி எடுத்துக்கொண்டார். 1844-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. இன்று எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை என்று நாம் சொல்வது அதைத்தான். பயிற்சி முடிந்ததும் மேரிக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. பிரசவம் மட்டும் பார்க்கத் தெரிந்தால் போதாது. காய்ச்சலுக்கு மருந்து தர வேண்டும். தேவையானால் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். அதற்கு முழுப் படிப்பும் படித்தாக வேண்டும்.

திறந்தது கதவு

பெண்கள் டாக்டருக்குப் படிக்க அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிகச் சில இடங்கள்தான் இருந்தன. இங்கிலாந்தில், பெண்களுக்கென்று லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளி தொடங்கியதே 1874-ல்தான். அங்கே போக வேண்டுமானால் கணவரையும் வீட்டையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். குழந்தைகளோ சின்னஞ்சிறுசுகள். என்ன செய்வது?

சென்னையிலேயே ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறதே! 1835-ல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே ஆண்கள்தான் படித்தார்கள். பெண்கள் படிக்கக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தால் என்ன?

இந்தக் கேள்விக்கு ஆதரவாக நின்றவர் எட்வர்டு பால்ஃபோர். சென்னை மாகாண மருத்துவத் துறையின் தலைவராக இருந்தவர். எழும்பூர் அருங்காட்சியகத்தைத் தொடங்கி வைத்தவரும், சென்னைக்கு முதல் மிருகக்காட்சி சாலையைத் தந்தவரும் இவர்தான்! பெண் டாக்டர்கள் நாட்டுக்குத் தேவை என்பதில் பால்ஃபோர் உறுதியாக இருந்தார். அரசாங்கமும் இசைந்தது. 1875-ம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தது. கல்கத்தா கல்லூரி கூட அப்போது பெண்களைச் சேர்க்கவில்லை.

அந்த முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் நான்கே பேர். மிட்செல், வைட், பீல் என்ற மூன்று பேரும் திருமணமாகாத இளம்பெண்கள். நான்காவது ஆள், மூன்று குழந்தைகளின் தாயான மேரி ஷார்லீப். முப்பது வயதில் மறுபடியும் புத்தகமும் கையுமாக மாணவி ஆனார்!

வீடும் படிப்பும்

மருத்துவப் படிப்பு எளிதானதா என்ன? உடலின் ஒவ்வோர் எலும்பையும் நரம்பையும் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். பிணத்தை அறுத்துப் பார்க்க வேண்டும். வார்டு வார்டாகப் போய் நோயாளிகளைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர்கள் எல்லாருமே பெண்களை மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள் என்றும் சொல்ல முடியாது. பெண்களுக்கு இந்த வேலை ஒத்து வராது என்று நினைத்தவர்களும் உண்டு.

வீட்டிலோ, தாயை எதிர்பார்த்து மூன்று குழந்தைகள். படித்துக்கொண்டே குடும்பத்தையும் பார்த்துக்கொண்டார் மேரி. இதில் இன்னொரு விஷயத்தையும் நாம் மறக்கக் கூடாது. மேரிக்குத் துணை இருந்தது. படிப்புக்குக் குறுக்கே நிற்காமல் கணவர் ஆதரவு கொடுத்தார். சமையலுக்கும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். அந்தத் துணை இல்லாத எத்தனையோ தாய்மார்களால் அன்று இப்படி ஓர் ஆசையை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. ஒரு வீட்டில் அம்மா படிக்க வேண்டுமானால், அந்த வீட்டிலுள்ள எல்லாரும் கொஞ்சம் கை கொடுத்தால்தான் முடியும்.

மேரி படித்துக்கொண்டிருந்தபோதுதான் பெரும் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே உலுக்கிய பஞ்சம் அது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் கிராமத்துப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். மழை பொய்த்தது. கண்மாய்கள் வறண்டன. மானாவாரி நிலத்தை நம்பியிருந்த ஏழைகள்தான் முதலில் பட்டினி கிடந்தார்கள். மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டு போனார்கள். பசியோடு காலராவும் சேர்ந்துகொண்டது. வயிற்றுக்கு இல்லாத மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் கொடுமையான ஆண்டுகளில்தான் மேரி மருத்துவம் கற்றார்.

மூன்று ஆண்டுகள் முடிந்தன. 1878-ல் மருத்துவம், அறுவைச் சிகிச்சை, மகப்பேறு ஆகிய மூன்றிலும் தேர்ச்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கினார் மேரி. இனி அவர் வைத்தியம் பார்க்கலாம்!

மறுபடியும் முதலிலிருந்து

வேறொருவராக இருந்தால் இதோடு போதும் என்று இருந்திருப்பார்கள். மேரிக்கு அது போதவில்லை. சென்னையில் அவர் வாங்கியது பட்டம் அல்ல. தொழில் செய்வதற்கான சான்றிதழ்தான். ஆண் டாக்டர்களுக்குச் சமமாக நின்று, பெண்களுக்காகத் தனி ஆஸ்பத்திரியே நடத்த வேண்டுமானால் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். இன்னும் ஆழமான பயிற்சியும் வேண்டும்.

சரியாக அதே 1878-ம் ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பு செய்தது. தன்னுடைய எல்லாப் பட்டங்களையும் பெண்களும் பெறலாம் என்று! பிரிட்டனில் அப்படி முதலில் முன்வந்த பல்கலைக்கழகம் அதுதான்.

மேரி குழந்தைகளோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கணவர் தொழிலை விட்டுவிட்டு உடன் வர முடியாது. அவர் சென்னையிலேயே இருந்தார். குடும்பம் இரண்டு கண்டங்களில் பிரிந்தது. அன்று தொலைபேசி கிடையாது, விமானம் கிடையாது. ஒரு கடிதம் கப்பலில் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். குழந்தைகள் அப்பாவை நேரில் பார்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மேரி தேர்ந்தெடுத்த வழிக்கு அவருடைய குடும்பமும் ஒரு விலை கொடுத்தது.

லண்டனில் இன்னொரு சிக்கலும் காத்திருந்தது. பட்டப் படிப்பில் சேர வேண்டுமானால் முதலில் மெட்ரிகுலேஷன் தேர்வு எழுத வேண்டும். அதாவது பள்ளி முடிக்கும் பிள்ளைகள் எழுதும் தேர்வு! லத்தீன், கணக்கு, வேதியியல் எல்லாம் அதில் உண்டு. சென்னையில் மருத்துவம் படித்து முடித்தவர், 33 வயதில் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பாடங்களையும் படித்துத் தேற வேண்டியிருந்தது. மேரி தயங்கவில்லை.

பிறகு லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் படித்தார். ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்துக்கொண்டார். அங்கே அவருக்கு முன்மாதிரியாக ஒருவர் இருந்தார். அவர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன். பல தடைகளைத் தாண்டி இங்கிலாந்தில் டாக்டர் ஆனவர். அவரும் குழந்தைகள் பெற்ற தாய்தான். வீட்டையும் ஆஸ்பத்திரியையும் ஒரு பெண்ணால் சேர்த்து நடத்த முடியும் என்பதற்கு மேரியின் கண் முன்னாலேயே ஒரு சான்று!

நான்கு ஆண்டுகள் கடின உழைப்பு. 1882-ல் முடிவு வந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டத்தை முதன்முதலாகப் பெற்ற இரண்டு பெண்களில் ஒருவர் மேரி ஷார்லீப். மற்றவர் எடித் ஷோவ். மகப்பேறு மருத்துவத்தில் மேரி தங்கப் பதக்கமும் வாங்கினார். அப்போது அவருக்கு 37 வயது.

வியன்னாவும் விக்டோரியா ராணியும்

சென்னைக்குத் திரும்பும் முன் மேரி வியன்னா நகரத்துக்குப் போய் மேலும் பயிற்சி பெற்றார். எந்த வியன்னா தெரிகிறதா? செம்மல்வெய்ஸ் டாக்டர்களைக் கை கழுவச் சொன்ன அதே வியன்னாதான்! அதற்குள் காலம் மாறியிருந்தது. கிருமிகளைப் பற்றி உலகம் அறியத் தொடங்கியிருந்தது. லிஸ்டர் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், காயங்களில் கிருமி புகாமல் தடுக்கும் முறையை 1867-லேயே வெளியிட்டிருந்தார். மேரி பிறந்தபோது தாய்மார்களைக் கொன்ற காய்ச்சலைத் தடுக்கும் வழி இப்போது டாக்டர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கிலாந்தை ஆண்ட விக்டோரியா ராணியையும் மேரி நேரில் சந்தித்தார். பெண்கள் டாக்டராவது ராணிக்குப் பொதுவாகப் பிடிக்காத விஷயம். ஆனாலும், இந்தியப் பெண்கள் வைத்தியம் இல்லாமல் படும் துன்பத்தை மேரி எடுத்துச் சொல்லக் கேட்டுக்கொண்டார். பின்னர், 1885-ல் இந்தியப் பெண்களின் மருத்துவ உதவிக்காக வைஸ்ராயின் மனைவி டஃப்ரின் சீமாட்டி ஒரு நிதியைத் தொடங்கினார். அதற்கு ராணியின் ஆதரவும் இருந்தது.

கோஷா ஆஸ்பத்திரி

1883-ல் மேரி சென்னைக்குத் திரும்பி வந்தார். பிரிந்திருந்த கணவரோடு மீண்டும் சேர்ந்தார். வந்தவுடனேயே வேலை தொடங்கிவிட்டது. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். ஒரு காலத்தில் தான் மாணவியாக உட்கார்ந்த சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே விரிவுரையாளராகவும் ஆனார்.

ஆனால் வீட்டுக்குப் போய் வைத்தியம் பார்ப்பதில் ஒரு குறை இருந்தது. இருட்டான அறையில், போதிய வெளிச்சமோ சுத்தமோ இல்லாத இடத்தில் அறுவைச் சிகிச்சை செய்ய முடியுமா? பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி வேண்டும். அங்கே வைத்தியம் செய்பவர்களும் பெண்களாகவே இருக்க வேண்டும். அப்போதுதான் வீட்டார் தைரியமாக அனுப்புவார்கள்.

மேரியின் முயற்சியால் 1885-ல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வீட்டில் அந்த ஆஸ்பத்திரி தொடங்கியது. விக்டோரியா ராணியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. ஆனால் மக்கள் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைத்தார்கள். கோஷா முறையைக் கடைப்பிடித்த பெண்களையும், சாதி வழக்கங்களால் பொது ஆஸ்பத்திரிக்கு வராத பெண்களையும் மனதில் வைத்துத் தொடங்கப்பட்டதால், அதன் பெயரிலேயே சாதி என்ற சொல்லும் இருந்தது. மனிதர்களைப் பிரித்து வைக்கும் வழக்கம் அன்று அவ்வளவு ஆழமாக இருந்தது. அந்த வழக்கம் ஒழியும் வரை காத்திருந்தால் அதற்குள் எத்தனை தாய்மார்கள் இறந்திருப்பார்களோ!

வெங்கடகிரி ராஜா ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை கொடுத்தார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை! அரசாங்கம் சேப்பாக்கத்தில் நிலம் கொடுத்தது. 1890-ல் ஆஸ்பத்திரி புதுக் கட்டடத்துக்கு மாறியது.

நாடு விடுதலை பெற்ற பிறகு இந்த ஆஸ்பத்திரிக்குக் கஸ்தூரிபா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. சாதி, மதம் என்று எந்த வேறுபாடும் இல்லாமல் எல்லாப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்று அங்கே சிகிச்சை அளிக்கப்படுகிறது. திருவல்லிக்கேணியில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியைக் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.

லண்டனில் தொடர்ந்த பணி

புதுக் கட்டடம் எழும்பியபோது மேரி சென்னையில் இல்லை. இரவு பகல் பாராத உழைப்பும் வெயிலும் அவருடைய உடல்நிலையைக் கெடுத்துவிட்டன. 1887-ல் அவர் இங்கிலாந்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. தான் தொடங்கிய ஆஸ்பத்திரியை இரண்டே ஆண்டுகளில் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போவது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! ஆனால் அவர் போன பிறகும் ஆஸ்பத்திரி நிற்கவில்லை, வளர்ந்தது.

உடல் தேறியதும் மேரி லண்டனில் மறுபடியும் புத்தகத்தை எடுத்தார்! 1888-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் உயர்ந்த மருத்துவப் பட்டமான எம்.டி. பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். பெண்களுக்கான புதிய ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை நிபுணராக விளங்கினார். தான் படித்த லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் ஆசிரியர் ஆனார். 1902-ல் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் பெண்கள் நோய்ப் பிரிவின் மருத்துவராகப் பொறுப்பேற்றார். ஆண்களே நிறைந்திருந்த ஒரு பொது ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்கு அப்படிப்பட்ட பதவி கிடைத்தது அன்று அபூர்வம்.

1920-ல் நீதிபதிப் பொறுப்புக்கு நியமிக்கப்பட்ட முதல் சில பெண்களில் ஒருவராகவும் இருந்தார். 1924-ல் தன் வாழ்க்கை நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். 1926-ல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு டேம் என்ற உயரிய பட்டம் அளித்தது. 1930-ம் ஆண்டு நவம்பர் 21-ம் தேதி, தமது 85-வது வயதில் மேரி ஷார்லீப் காலமானார்.

அவர் பின்னே வந்தவர்கள்

மேரி உட்பட நான்கு பேர் 1875-ல் நுழைந்த அந்தக் கதவு வழியாக அதன் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்தபோது, வங்காளத்திலிருந்து அபலா தாஸ் என்ற பெண் 1882-ல் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தார். விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸைப் பின்னாளில் மணந்தவர் இவர்தான்.

புதுக்கோட்டைப் பெண்ணான முத்துலட்சுமி 1907-ல் இதே கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டர் ஆனார். திருமணமாகி, இரண்டு மகன்களுக்குத் தாயான பிறகும் 1925-ல் மேற்பயிற்சிக்காக லண்டன் சென்று வந்தார். சட்டமன்றத்தில் பெண்களுக்காகப் போராடியவரும், 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவரும் அந்த முத்துலட்சுமி ரெட்டிதான்.

வங்காளத்தில் காதம்பினி கங்குலி 1886-ல் மருத்துவம் படித்து முடித்தார். பெரிய குடும்பத்தின் பொறுப்பு அவர் தலையில் இருந்தது. ஆனாலும் மேற்படிப்புக்காக 1893-ல் குழந்தைகளை உறவினர் பொறுப்பில் விட்டுவிட்டு பிரிட்டன் சென்றார். பல பட்டங்களோடு திரும்பினார்.

இவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைச் சந்தித்தவர்கள். குடும்பத்தைக் கவனிக்க வேண்டிய பெண்ணுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்பதுதான் அந்தக் கேள்வி. அவர்கள் சண்டை போட்டுப் பதில் சொல்லவில்லை. அவர்கள் கையால் பிழைத்த தாய்மார்களும் குழந்தைகளும்தான் பதில்.

பாலவனத்தம் பக்கத்துக் கரிசல் பூமிக்கு இப்போது வருவோம். 2022-ம் ஆண்டு ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்காக மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2020-லேயே வந்துவிட்டது. மாட்டு வண்டி கட்டி மதுரைக்குப் போக வேண்டியிருந்த ஊர்ப் பிள்ளைகள், இன்று பஸ் ஏறிப் போகும் தூரத்திலேயே டாக்டருக்குப் படிக்கலாம். பெண் டாக்டர்கள் இல்லாத அரசு ஆஸ்பத்திரியைக் கற்பனை செய்யக் கூட முடியாத காலம் இது.

குழந்தைகளே! உங்கள் வீட்டிலும் படிப்பைப் பாதியில் விட்ட அம்மாவோ, அக்காவோ, அத்தையோ, சித்தியோ இருக்கலாம். மறுபடியும் படிக்க வேண்டும் என்ற ஆசை அவர்கள் மனதின் ஒரு மூலையில் ஒளிந்திருக்கலாம். இன்று மாலை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆசை உண்டு என்று சொன்னால், பாத்திரம் கழுவுவது, கடைக்குப் போய் வருவது, தம்பி பாப்பாவைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகளில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் அவர்கள் புத்தகத்தைத் திறக்கப் போதும்.